மென்றால் வரும் மிருகம்

ஒரு காட்டில் ராஜா கிடையாது. முன்பு ஒரு சிங்கம் இருந்தது. ஒரு நாள் அது பெரிதாகக் கொட்டாவி விட்டது. விட்ட வாய் திரும்ப மூடவில்லை. வைத்தியம் பார்க்கிறேன் என்று திறந்த வாயோடு வடக்கே போனது, இன்னும் வரவில்லை. அதனால் அந்தக் காட்டில் அவரவர் பாட்டை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அங்கே வழுக்கைப்பாறை என்று ஒரு பாறை. அதன் அடியில் வளை வளையாகத் தோண்டித் தொண்ணூற்றொன்பது முயல்கள் குடியிருந்தன. நூறாவது பிறக்கிற அன்றைக்கு யாராவது ஒன்று கோபித்துக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும். ஆகவே எண்ணிக்கை மாறியதே இல்லை.

அந்த முயல்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அதற்கு வெயில் பார்வை என்று பெயர். பிறை கண்ட மறுநாள் காலை எல்லாரும் பாறைமேல் ஏறி, சூரியனுக்கு முதுகைக் காட்டி வரிசையாக உட்கார்வார்கள். காதுகளை விறைப்பாக நிமிர்த்துவார்கள். பின்னாலிருந்து இளவெயில் அடிக்க, ஒவ்வொரு காதும் செம்பருத்தி இதழ் மாதிரிச் சிவந்து, உள்ளே ஓடும் நரம்புகூடத் தெரியும். உண்ணி ஒட்டியிருந்தாலும், முள் ஏறியிருந்தாலும், அந்தச் சிவப்பில் கறுப்புப் புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

எதிரே உட்கார்ந்து பார்ப்பவர் ஊசிக்கண்ணர் என்ற மூத்த முயல். மேலே பறக்கிற பருந்தின் இறக்கையில் எத்தனை இறகு உதிர்ந்திருக்கிறது என்று தரையில் இருந்தபடியே சொல்லிவிடுவார். சரிதானா என்று பருந்திடம் போய்க் கேட்டுவந்தவர் யாருமில்லை. புள்ளி இருந்தால் "நிழல்" என்பார். அந்த முயல் வேலை எதுவும் செய்யாமல் அடுத்த பிறை வரைக்கும் நிழலில் உட்கார்ந்து காதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். புள்ளி இல்லாவிட்டால் "சுத்தம்" என்பார்.

வரிசையின் கடைசியில் தொங்கட்டான் உட்கார்ந்திருப்பான்.

அவனுக்குக் காதுகள் நிமிரவே நிமிராது. இரண்டும் கன்னத்தை ஒட்டித் தொங்கி, நடந்தால் தரையைப் பெருக்கும். அவனுடைய முப்பாட்டன் காதுக்கு ஒன்றாக இரண்டு பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு மலையேறியவன் என்றும், அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்கே காது இறங்கிப்போனது என்றும் சொல்வார்கள். இரண்டு இல்லை, ஒன்றுதான், அதுவும் பிஞ்சு என்று சொல்கிறவர்களும் உண்டு.

தொங்கட்டானின் முறை வந்ததும் ஊசிக்கண்ணர் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பார். தொங்குகிற காதுக்குள் வெயில் எப்படிப் போகும்? சிவப்பும் தெரியாது, நரம்பும் தெரியாது, புள்ளியும் தெரியாது. புள்ளி தெரியாததால் அவர் "சுத்தம்" என்பார். இப்படியே பதின்மூன்று பிறை சுத்தமாகப் போயிற்று.

சின்ன வயதில் தொங்கட்டானை எல்லாரும் கேலி செய்தார்கள். ஈரத் துணியைத் தலையில் காயப் போட்டிருக்கிறாயா என்று கேட்பார்கள். ஒரு நாள் வெயில் தாங்காமல் அவன் பாறையில் குப்புறப் படுத்தபோது இரண்டு காதும் இரண்டு இலை மாதிரித் தரையில் விரிந்தன. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டுப்பூனை நடப்பது பக்கத்தில் நடப்பது போல் கேட்டது. பின்னங்காலால் பாறையை மூன்று முறை தட்டினான். எல்லா முயலும் வளைக்குள் ஓடின. சற்று நேரத்தில் பூனை வந்து, வெறும் புல்லைப் பார்த்துவிட்டுப் போயிற்று.

அன்றிலிருந்து அவன்தான் வழுக்கைப்பாறையின் தரைக்காது. தினம் சாயங்காலம் மற்றவர்கள் சரிவில் மேயும்போது, அவன் பாறையில் காதை விரித்துப் படுத்திருப்பான். எறும்பு கால் மாற்றி வைப்பதைக்கூடச் சொல்லிவிடுவான் என்று பேர் வாங்கினான். இளங்கொழுந்தில் முதல் வாய் அவனுக்குத்தான். அவன் காதை யாரும் தொடக்கூடாது, தொட்டால் கேட்கிற சக்தி மங்கிவிடும் என்று ஒரு கட்டுப்பாடும் தானாக வந்து சேர்ந்தது. துணி காயப் போட்டவன் என்று கேலி செய்த வாய்கள் இப்போது அண்ணே என்று கூப்பிட்டன. தொங்கட்டானுக்கு அது அருகம்புல்லைவிட ருசியாக இருந்தது.

ஒரு நாள் அவன் கொஞ்சம் அதிகப்படியாகப் பெருமை காட்டப் போனான். காய்ந்த ஊசிப்புல் மேட்டிலே படுத்துக்கூடக் கேட்பேன் என்று சொல்லிப் படுத்தான். இடது காதில் சுருக்கென்றது. சொறிந்தான். போய்விட்டது என்று நினைத்தான்.

ஊசிப்புல்லின் விதை போகிற ஜாதி இல்லை. அதற்கு முன்னால் போகத்தான் தெரியும், பின்னால் வரத் தெரியாது.

இரண்டு நாளில் காதின் அடியில் வலி வந்தது. தொங்கட்டான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊசிக்கண்ணர் "நிழல்" என்பார். நிழலில் உட்கார்ந்தால் தரைக்காது வேலை போகும்; வேலை போனால் மறுபடியும் ஈரத் துணிதான். நிறையக் கேட்டதால் வந்த அசதி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வலிக்குத் தலை தானாக இடது பக்கம் சாய்ந்தது. அதைப் பார்த்த இளவட்டங்கள், ஆகா, அண்ணன் ஒரு தினுசாக நிற்கிறாரே என்று தாங்களும் தலையைச் சாய்த்துக்கொண்டார்கள். அரிப்புத் தாங்காமல் அவன் பின்னங்காலால் காதை விறுவிறு என்று சொறிந்தான். மறுநாள் பத்து இளவட்டங்கள் அதையே ஆட்டமாக ஆடின. அவன் தலையை உதறினால் அவையும் உதறின. இதற்கு நடுவில் பிறை வந்தது, வெயில் பார்வையும் வந்தது. பதினான்காவது முறையாகத் தொங்கட்டான் சுத்தமானான்.

அன்று சாயங்காலம்தான் மிருகம் வந்தது.

வழக்கம் போல முதல் வாய்க் கொழுந்தைத் தொங்கட்டான் கடித்து மென்றான். இடது பக்கத்தில் கரக், கரக் என்று ஒரு சத்தம். காய்ந்த சருகின்மேல் கனமான கால் நடக்கிற மாதிரி. மெல்வதை நிறுத்தினான். சத்தமும் நின்றது. மறுபடி மென்றான். கரக், கரக்.

நான் நிறுத்தினால் தானும் நிற்கிறது, எவ்வளவு தந்திரமான மிருகம் என்று அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூன்று முறை தட்டினான். எல்லாரும் வளைக்குள் பாய்ந்தார்கள். வெகுநேரம் காத்திருந்தும் எதுவும் வரவில்லை.

மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாளும் அதே கதை. முயல்கள் மேய வருவதும், தொங்கட்டான் ஒரு வாய் மெல்வதும், தட்டுவதும், எல்லாரும் ஓடுவதுமாக இருந்தது. யாருடைய வயிறும் நிறையவில்லை. ஆனால் மிருகம் மட்டும் நன்றாக வளர்ந்தது. நாலு கால் என்றது ஒரு முயல். அந்தச் சத்தத்துக்கு நாலு கால் போதாது, ஆறு இருக்கும் என்றது இன்னொன்று. சாயங்காலத்துக்குள் அதற்குப் பத்துக் காலும், முதுகில் முள்ளும், கண்ணுக்குத் தெரியாமல் போகிற வித்தையும் வந்து சேர்ந்தன. யாரும் அதைப் பார்க்கவில்லை என்பதே அது எவ்வளவு பெரியது என்பதற்கு அத்தாட்சி என்று பேசிக்கொண்டார்கள்.

நாலாம் நாள் ஊசிக்கண்ணர் சபையைக் கூட்டினார். தொங்கட்டானை நிறுத்தி, அது எப்போது நடக்கிறது என்று கேட்டார்.

"நான் மெல்லும்போது நடக்கிறது, ஐயா."

"மெல்லாதபோது?"

"நின்றுவிடுகிறது."

ஊசிக்கண்ணர் கண்ணை மூடி யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "அப்படியானால் நீ மெல்லாதே."

எல்லாரும் தலையாட்டினார்கள். அதில் பத்துத் தலை சாய்வாக ஆடியது.

தொங்கட்டான் பட்டினி கிடந்தான். முதல் நாள் பனித்துளியை நக்கினான். இரண்டாம் நாள் வயிறு முதுகோடு ஒட்டியது. ஆனால் தீர்ப்புப் பலித்தது. அவன் மெல்லவில்லை, மிருகமும் நடக்கவில்லை. தட்டுவதற்கு வேலை இல்லாததால் மற்ற முயல்கள் தைரியமாகச் சரிவில் இறங்கி மேய்ந்தன. பத்துக் கால் மிருகத்தையே பட்டினி போட்டு விரட்டினோம் என்று ஊசிக்கண்ணர் மீசையை நீவிக்கொண்டார்.

இரண்டாம் நாள் சாயங்காலம், இடது பக்கத்துப் புதரிலிருந்து காட்டுப்பூனை பாய்ந்தது.

நிஜப் பூனை. நாலே கால்தான். தொங்கட்டானின் இடது காதில் ஒரு சின்னச் சத்தம்கூட விழவில்லை. கொழுஞ்சி என்ற தாய் முயல் அலறியபோதுதான் அவன் தலையைத் தூக்கினான். கொழுஞ்சியின் கடைக்குட்டி வளைவாசலில் தாவி விழுந்தது. அதன் வாலில் இருந்த வெள்ளைப் பஞ்சு பூனையின் நகத்தில் இருந்தது. குட்டி முழுசாக உள்ளே போய்ச் சேர்ந்தது அதன் பாக்கியம்.

பூனை போன பிறகு கொழுஞ்சி நேரே தொங்கட்டானிடம் வந்தாள்.

"எறும்பு கால் மாற்றினால் கேட்கும் என்பாயே. என் பிள்ளை வாலைப் பிடுங்கினவன் எந்த வழியாக வந்தான்?"

தொங்கட்டானுக்கு உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டான்.

"அந்த மிருகம்தான், அக்கா. பூனையின் காலடிச் சத்தத்தை அதுதான் மறைத்துவிட்டது."

கொழுஞ்சி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் போய், வளைவாசலில் வாலில்லாத குட்டியை நக்கிக்கொண்டிருந்தாள். அவள் வாயிலிருந்து நாலு வசவு வந்திருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

விடிந்ததும் ஊசிக்கண்ணர் அவசரமாக ஒரு தனி வெயில் பார்வை வைத்தார். தொங்கட்டான் மட்டும் சூரியனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். காது இரண்டும் வழக்கம் போலத் தொங்கின. ஊசிக்கண்ணர் முன்னால் பார்த்தார். இடப்பக்கம் போய்ப் பார்த்தார். வலப்பக்கம் போய்ப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை என்று அறிவித்தார்.

அப்போது பாறைக்குக் கீழே இருந்து ஒரு கீச்சுக்குரல் கேட்டது.

"பூட்டின கதவைப் பார்த்துவிட்டு வீட்டில் யாரும் இல்லை என்று சொல்கிறீர்களே, ஐயா."

பேசியது மூக்காயி. அவள் ஒரு மூஞ்சூறு. பாறை இடுக்கில் தனியாக இருந்தாள். ஆலமரத்துக்கும் யானைக்கும் வித்தியாசம் தெரியாத கண் அவளுக்கு. ஆனால் மூக்கு முழ நீளம். அவள் மேல் ஒரு வாடை உண்டு என்பதால் முயல்கள் அவளைப் பாறைமேல் ஏற விட்டதில்லை. எப்போதும் காற்று போகிற பக்கமாகத்தான் நிற்க வேண்டும், காற்று வருகிற பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு. அவள் வாடை இவர்களுக்கு வராமல் இருப்பதற்காக.

உத்தரவு போட்டவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. காற்று போகிற பக்கம் நின்றால், இவர்கள் வாடை முழுவதும் அவளுக்குத்தானே போகும்.

"ஐந்து நாளாகப் பாறையிலிருந்து ஒரு கெட்ட வாடை வருகிறது. யாருக்கோ காதுக்குள் புண்," என்றாள் மூக்காயி.

முயல்கள் விழுந்து விழுந்து சிரித்தன. உன் நாற்றத்துக்கு நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், நீ எங்களிடம் நாற்றம் என்கிறாயா என்று ஊசிக்கண்ணர் கேட்டார்.

"என் வாடை எனக்குப் பழகினது, ஐயா. இது என்னுடையது இல்லை. எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குச் சொன்னதும் நீங்கள்தான்."

தொங்கட்டான் மட்டும் சிரிக்கவில்லை.

மூக்காயி பேச்சை மாற்றினாள். வாடையை விடுங்கள், அந்தப் பத்துக் கால் மிருகத்தைப் பிடித்துக் கொடுத்தால் எனக்கு என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டாள். சிரிப்பு நின்றது. அவளே சொன்னாள்: பாறைமேல், காற்று வருகிற பக்கத்தில், உட்கார ஓர் இடம். ஊசிக்கண்ணர் இந்தச் சுண்டுவிரல் அளவுப் பிராணி மிருகத்தைப் பிடிப்பதாவது என்று நினைத்துச் சரி என்றுவிட்டார்.

மூக்காயி ஒரு கட்டு அருகம்புல்லை இழுத்துவந்து தொங்கட்டான் முன்னால் போட்டாள். மென்று தின்னும்படி சொன்னாள். மிருகம் வந்துவிடும் என்று பாதி முயல்கள் வளைவாசலுக்குப் போய்த் தயாராக நின்றன.

இரண்டு நாள் பட்டினி கிடந்தவனுக்குப் புல்லைப் பார்த்ததும் கண் இருண்டது. ஒரு வாய் கடித்தான். கரக், கரக்.

"வந்துவிட்டது," என்றான்.

"இரு. நான் போய்ப் பிடிக்கிறேன். நான் அதன் பக்கத்தில் போனால் சொல்லு."

அவள் குடுகுடுவென்று வாய்க்கால் வரைக்கும் ஓடினாள். அங்கிருந்து கத்தினாள், இப்போது எப்படி என்று. அதே சத்தம் என்றான். புதர்ப் பக்கம் ஓடினாள். அதே சத்தம். ஆலமரத்துக்குப் போகிறேன் என்று ஒரு எருமையிடம் போய், எருமை ஏன் என்று பார்க்க, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பினாள். அங்கிருந்தபோதும் அதே சத்தம்தான்.

"நல்ல மிருகம். சரி, நீ எழுந்திரு. மென்றுகொண்டே வாய்க்கால் வரைக்கும் போய் வா."

தொங்கட்டான் மென்றுகொண்டே போனான். கரக், கரக். மிருகமும் கூடவே போயிற்று. வாய்க்கால் ஓரத்து ஈரமணலில் அவன் திரும்பிப் பார்த்தான். அவனுடைய நாலு காலடி மட்டும்தான் பதிந்திருந்தது. பத்துக் காலுக்கு உரிய அடையாளம் ஒன்றுகூட இல்லை.

அவன் மெல்வதை நிறுத்தினான். அங்கேயே நின்றான். இத்தனை நாளாகத் தெரியாமல் இருந்தது அந்த ஈரமணலில் தெரிந்துபோயிற்று. வாயில் இருந்த புல் கசந்தது. மெதுவாகத் திரும்பி வந்து பாறைமேல் உட்கார்ந்தான்.

மூக்காயி அவனுடைய வலது காதுக்குக் கீழே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினாள்.

"வலிக்கிறதா, தம்பி?"

"சொன்னால் என் வேலை போய்விடும், அக்கா."

"சொல்லாவிட்டால் காது போய்விடும். காது போன தரைக்காதுக்கு என்ன வேலை? நான் சொல்லமாட்டேன். நீ சொல்லு."

தொங்கட்டான் எதிரே பார்த்தான். ஊசிக்கண்ணர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இளவட்டங்கள் பத்தும் தலையைச் சாய்த்துக்கொண்டு அவன் வாயையே பார்த்தன. கொழுஞ்சியின் காலடியில் கடைக்குட்டி, வால் இருந்த இடத்தைத் தேடித் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மிருகம் எதுவும் இல்லை," என்றான் தொங்கட்டான். "என் இடது காது வலிக்கிறது. பிறைக்கு முன்னாலிருந்தே வலிக்கிறது. எனக்குத் தெரியும். பயந்துகொண்டு சொல்லவில்லை. நேற்றுப் பூனை வந்தது அந்தப் பக்கத்தில்தான்."

ஊசிக்கண்ணர் வாயைத் திறந்தார். அவர் சுத்தம் என்று சொல்லிப் பழகிய வாய், சொல்ல எதுவும் கிடைக்காமல் திறந்தபடி இருந்தது. வடக்கே போன சிங்கத்தைப் பற்றிச் சிலருக்கு ஞாபகம் வந்தது.

தொங்கட்டான் தலையைக் குனிந்து, தன் முன்னங்காலாலேயே இடது காதைத் தூக்கிக் காட்டினான். காது பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அதன் உள்பக்கம் வெயிலைப் பார்த்தது. உள்ளே சிவந்து வீங்கி, ஈரம் கசிந்துகொண்டிருந்தது. வாடை கிளம்பியது. மூக்காயியின் வாடைக்கு மூக்கைப் பொத்தியவர்கள் எல்லாரும் இப்போது மூக்காயியின் பக்கம் நகர்ந்து நின்றார்கள்.

மூக்காயி முழ நீள மூக்கைக் காதுக்குள் விட்டாள். மெதுவாக மோந்துகொண்டே போனாள். காதின் அடியில் மூக்கு பட்டதும் தொங்கட்டான் துள்ளினான்.

"இப்போது மிருகம் எங்கே இருக்கிறது?"

"கர்ஜிக்கிறது, அக்கா."

"அப்படியானால் பிடித்துவிட்டேன். மூச்சைப் பிடித்துக்கொள்."

பல்லால் கவ்வினாள். வந்த வழியில் வராத விதை அது; திருகித் திருகி இழுத்தாள். வெளியே வந்ததைப் பாறைமேல் வைத்தாள்.

தொண்ணூற்றெட்டு முயல்கள் சுற்றி நின்று பார்த்தன. நகத்தளவு விதை. அதன் பின்னால் முறுக்கின வால் ஒன்று. அவன் மென்றபோதெல்லாம் தாடை அசைய, தாடையோடு காது அசைய, இந்த வால்தான் கரக் கரக் என்று உள்ளே உரசியிருக்கிறது.

"இதற்கா என் பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள்?" என்றாள் கொழுஞ்சி. அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு பாறையே சிரித்தது. வாலில்லாத குட்டி பக்கத்தில் போய் விதையை மோந்து பார்த்துத் தும்மியது. பத்துக் கால் மிருகம் பறந்துபோய்ப் பள்ளத்தில் விழுந்தது.

ஊசிக்கண்ணர் தொண்டையைக் கனைத்தார். வழக்கப்படி அவர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். "நிழல்."

தொங்கட்டான் தலையைக் குனிந்துகொண்டான். கொழுஞ்சி குறுக்கே வந்தாள்.

"காது ஆறுகிற வரைக்கும் நிழல். ஆறின பிறகு அவன் இடம் அவனுக்கு. அதுவரைக்கும் நாங்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். உண்மையைச் சொன்னவனுக்கு இடம் இல்லை என்றால், அடுத்த தடவை யாருக்கு வலித்தாலும் யார் சொல்வார்கள்?"

யாரும் மறுக்கவில்லை. ஊசிக்கண்ணரும் மறுக்கவில்லை.

மூக்காயி தினமும் காலையில் வந்து காதைத் தூக்கி, மோந்து பார்த்து, ஏதோ ஒரு இலைச் சாற்றை விட்டாள். என்ன இலை என்று அவள் சொல்லவில்லை. அது பற்றி வழுக்கைப்பாறையில் இன்னும் சண்டை நடக்கிறது. வலி குறைந்தது, வாடை போயிற்று, சாய்ந்த தலை நேராயிற்று. இளவட்டங்களுக்குத்தான் தலை நேராக மேலும் ஒரு மாதம் பிடித்தது.

அடுத்த பிறை வந்தது. வெயில் பார்வையில் ஊசிக்கண்ணருக்குப் பக்கத்திலேயே, காற்று வருகிற பக்கத்தில், மூக்காயி உட்கார்ந்தாள். நிமிர்ந்த காதுகளை அவர் வெயிலில் பார்த்தார். தொங்கட்டானின் முறை வந்ததும் மூக்காயி எழுந்து போனாள். இடது காதைத் தூக்கிப் பார்த்தாள், மோந்தாள், அடியில் மெதுவாக அழுத்தி வலிக்கிறதா என்று கேட்டாள். பிறகு வலிக்காத வலது காதையும் அதே மாதிரி தூக்கினாள், மோந்தாள், அழுத்தினாள். அதன் பிறகுதான் சுத்தம் என்றாள்.

அதோடு நிற்காமல், ஐயாவின் காதை யார் பார்ப்பது என்று கேட்டாள். அது இதுவரை யாருக்கும் தோன்றாத கேள்வி. ஊசிக்கண்ணரைத் திருப்பி உட்கார வைத்துப் பார்த்தால், காதுக்குப் பின்னால், அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில், ஒரு கொழுத்த உண்ணி. அது அங்கே குடியேறி மூன்று பிறை ஆகியிருந்தது. அவர் நிழலில் உட்கார்ந்த முதல் மாதம் அதுதான்.

அன்று சாயங்காலம் தொங்கட்டான் பாறைமேல் குப்புறப் படுத்து, இரண்டு காதையும் விரித்தான். இடது காதில் வாய்க்கால் ஓடுவது கேட்டது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு நண்டு வளை தோண்டுவது கேட்டது. அதற்கும் அந்தப் பக்கம், மெத்தென்று, நாலு கால்.

மூன்று முறை தட்டினான். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள், ஆனால் நகரவில்லை.

"வாயில் எதையாவது மென்றுகொண்டா தட்டினாய்?" என்றாள் கொழுஞ்சி.

தொங்கட்டான் வாயை அகலத் திறந்து காட்டினான். "ஒன்றும் இல்லை, அக்கா. பூனை. இடது பக்கம்."

ஒரே பாய்ச்சலில் எல்லாரும் வளைக்குள் போனார்கள். காட்டுப்பூனை வந்து, காலியான சரிவைப் பார்த்து, வராத மாதிரியே காலை நக்கிக்கொண்டு திரும்பிப் போயிற்று.

அதன் காலடி வாய்க்காலைத் தாண்டிப் போனதைக் கேட்ட பிறகு, தொங்கட்டான் எல்லாரையும் கூப்பிட்டான். கொழுஞ்சியின் கடைக்குட்டி, புதிதாக முளைத்த துளிப் பஞ்சு வாலை ஆட்டிக்கொண்டு, இளங்கொழுந்தில் முதல் வாயைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தது.

அவன் மென்றான். நிறுத்தினான். காதைத் தீட்டிக் கேட்டான். மறுபடி மென்றான்.

யாரும் நடக்கவில்லை.

நீதி: தெரிவதை மட்டும் பார்த்துச் சுத்தம் என்று சொல்லாதே, மூடிக் கிடப்பதைத் தூக்கிப் பார், வலிக்கிறவன் வாய் திறக்க இடம் கொடு.